ராணி சீரியல் பாத்து இங்கிலீஷ் படிக்கலாமோ? அடிக்கடி கேக்கிற கேள்வியளும் என்ர பதிலும்

நான் கொக்குவில் பக்கம் பின்னேரத்தில கொஞ்சப் பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கிறனான். ஏஎல் முடிச்ச பெடியள் பெட்டையள், ஐஈஎல்ரிஎஸ் எண்ட இங்கிலீஷ் சோதினை எடுக்கப் போற ஆக்கள், கலியாணம் முடிச்சு லண்டன் விசாவுக்குக் காத்திருக்கிற பிள்ளையள், எல்லாம் கலவைதான். ராணியளின்ர கதையா வாற சீரியலுகளைப் பாருங்கோ எண்டு நான் சொல்லத் தொடங்கினதில இருந்து ஒரே கேள்வியள்தான் திரும்பத் திரும்ப வருது, அதால எல்லாத்துக்கும் ஒரேயடியா எழுதி வைக்கிறன்.

சீரியல் பாத்தா மெய்யாவே இங்கிலீஷ் வருமோ, இல்லாட்டி இது படிக்காமல் இருக்கிறதுக்கு ஒரு சாட்டோ?

ரெண்டும் நடக்கும், உங்களைப் பொறுத்தது. தமிழ் சப்ரைட்டிலைப் போட்டுட்டு படுத்திருந்து ரெண்டு நாளில ஒரு சீசனை முடிச்சா கதை தெரியும், உடுப்பு நகை வடிவா இருந்தது எண்டு சொல்லலாம், அவ்வளவுதான். காது திறபடவேணும் எண்டால் ஒரு மூண்டு நிமிசத் துண்டை எடுத்து அலுக்கும் வரைக்கும் கேக்கவேணும். கட்டுரை எழுத, கிராமர் சோதினைக்கு இது பெரிசா உதவாது, அதுக்குப் புத்தகம்தான். ஆனால் ஒரு வெள்ளைக்காரர் கதைக்கேக்க வசனம் எங்க ஏறுது எங்க இறங்குது, 'இல்லை' எண்டுறதை 'இல்லை' எண்டு சொல்லாமல் எப்பிடிச் சொல்லுகினம், உதெல்லாம் புத்தகத்தில வராது, இதிலதான் வரும்.

ஏன் ராணிக் கதை? பொலிஸ் கதை, கொமடி எல்லாம் இருக்குத்தானே?

பொலிஸ் கதையில ஆக்கள் அரைவாசிச் சொல்லை விழுங்கிப் போடுவினம், ஓடிக்கொண்டு கதைப்பினம், பின்னால ஒரே சத்தம். கொமடி எண்டால் அந்த ஊர்ப் பகிடி தெரியாட்டி சிரிக்கிற இடத்தில முழிச்சுக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அரண்மனையில அப்பிடி இல்லை, ஒராள் சொல்லி முடியும்வரை மற்றாள் பொறுத்துக்கொண்டு நிப்பார், வசனம் முழுசா வரும்.

இன்னொண்டு, அங்க நடக்கிற சண்டை எல்லாம் எங்கட வீட்டுச் சண்டைதான். ரெண்டாம் எலிசபெத் ராணியின்ர கதையைச் சொல்லுற 'தி கிரவுன்' முதல் சீசனில ராணியின்ர தங்கச்சி மாகிரட், விவாகரத்து எடுத்த பீற்றர் ரவுன்சென்ட் எண்டவரைத்தான் முடிப்பன் எண்டு நிக்கிறா, தேவாலயம் ஒரு பக்கம், மந்திரிமார் ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம், அக்காக்காரி நடுவில. 1955 ஒக்ரோபர் 31ல அவரை முடிக்கப் போறேல்லை எண்டு மாகிரட் அறிக்கை விட்டது உண்மையாவே நடந்தது. தங்கச்சி அக்காவோட முட்டுற அந்த இடம் ஒரு சொல்லும் விளங்காட்டியும் எங்கட சனத்துக்கு விளங்கும். என்ன நடக்குது எண்டு மூளை தேடத் தேவையில்லாததால காது முழுக்கச் சொல்லில நிக்கும், எனக்கு வேண்டியது அதுதான்.

எதில தொடங்கிறது?

கொஞ்சம் இங்கிலீஷ் இருக்கிற ஆள் எண்டால் 'தி கிரவுன்'. 2016ல தொடங்கி 2023ல முடிஞ்சுது, 6 சீசன், 60 எபிசோட், ரெண்டாம் எலிசபெத்தா முதல் ரெண்டு சீசனும் கிளெயர் ஃபோய், பிறகு ஒலிவியா கோல்மன், கடைசி ரெண்டும் இமெல்டா ஸ்ரோண்டன். முதல் சீசனை விட்டிட்டு டயானாவைப் பாக்கிற ஆசையில நாலாவதுக்குப் பாய்ற ஆக்கள் கனபேர், எனக்கு விளங்குது, ஆனால் முதல் சீசன்தான் படிக்கிறவைக்கு நல்லம், சேர்ச்சிலின்ர முணுமுணுப்பு மட்டும் கஷ்டம், அதுக்குப் பயப்பிடாதேங்கோ.

புதுசாத் தொடங்கிற ஆளுக்கு 'விக்ரோறியா'. ஐரிவியில 2016ல இருந்து 2019 வரை மூண்டு சீசன் வந்தது, ஜெனா கோல்மன்தான் ராணி. கதை நேரா போகும், காதல் கூட, அரசியல் குறைவு. 'குயின் ஷார்லட்' 2023ல வந்தது, ஆறே ஆறு எபிசோட், கெதியா முடியும். 'உல்ஃப் ஹோல்' எண்டு பிபிசி 2015ல எடுத்தது, கிளெயர் ஃபோய் அதில ஆன் பொலினா நடிச்சிருக்கிறா, அருமையான வேலை, ஆனால் மெழுகுதிரி வெளிச்சத்தில குசுகுசு எண்டு கதைக்கிற கதை அது, காது பழகினாப்பிறகு பாருங்கோ. 'ரெய்ன்' ஸ்கொற்லாந்து ராணி மேரியின்ர கதை எண்டு சொல்லுகினம், பெட்டையளுக்கு நல்ல விருப்பம், நான் அதைப் படிப்புக் கணக்கில சேர்க்கிறேல்லை.

ராணி மாதிரிக் கதைச்சா ஆக்கள் சிரிக்க மாட்டினமோ?

கட்டாயம் சிரிப்பினம், அதால ராணி மாதிரிக் கதைக்காதேங்கோ. நான் ஆரைக் கண்டாலும் சொல்லுற விசயம் இதுதான்: ராணியைப் பாத்து ரசியுங்கோ, இங்கிலீஷை ராணிக்குப் பக்கத்தில நிக்கிறவையிட்டப் படியுங்கோ. ராணி கட்டளை போடுற ஆள், நீங்கள் வாழ்க்கையில எத்தினை தரம் கட்டளை போடப் போறியள்? லண்டனில வேலைக்குப் போனா மனேஜரிட்ட லீவு கேக்கவேணும், ஆஸ்பத்திரியில டொக்டர் சொன்னது விளங்கேல்ல, இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டு கேக்கவேணும், வீட்டுக்காரரிட்ட ஹீற்றர் வேலை செய்யேல்லை எண்டு சண்டை பிடிக்காமல் சொல்லவேணும். இந்த வேலையைச் சீரியலில செய்யிறது ராணியின்ர செக்ரட்டரியும் வேலைக்காரப் பிள்ளையளும் மந்திரிமாரும்.

'தி கிரவுன்'ல ராணியின்ர செக்ரட்டரி 'நீங்கள் செய்யப் போறது பிழை' எண்டு நேரா ஒருநாளும் சொல்லார். 'ஐ வொண்டர், மேம்' எண்டு தொடங்கி, 'பெர்ஹாப்ஸ்' ஒண்டைப் போட்டு, 'இற் மைற் பி வைசர்' எண்டு இழுத்து, சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டுத் தலையைக் குனிஞ்சுகொண்டு நிப்பார். குனியிறதை விட்டிட்டு மிச்சத்தை அப்பிடியே எடுங்கோ. அந்த மூண்டு துண்டும் வாயில வந்திட்டால் எந்தக் கந்தோரிலயும் சமாளிக்கலாம்.

எங்கட ஆக்கள் எழுதுற விண்ணப்பக் கடிதத்தின்ர இங்கிலீஷ் ஏற்கெனவே விக்ரோறியா காலத்திலதான் நிக்குது, அதுக்கு மேல இதையும் கடிதத்தில கொண்டுபோய்ப் போடாதேங்கோ, வாயால கதைக்க மட்டும்.

ஒரு சீனை எடுத்துப் படிக்கிறது எண்டால் எப்பிடி எண்டு செய்து காட்டுங்கோ?

'விக்ரோறியா'வில ராணி அல்பேர்ட்டிட்ட 'என்னை முடிக்கிறீரோ' எண்டு கேக்கிற சீனை எடுங்கோ. ஆட்சியில இருக்கிற ராணியிட்ட ஆரும் கலியாணம் கேக்கேலாது, அந்தஸ்து அப்பிடி, அதால 1839 ஒக்ரோபர் 15ல வின்சர் கோட்டையில அவவேதான் கேக்கவேண்டி வந்தது. அவவுக்கு அப்ப 20 வயசு. அண்டைக்கு இரவு தன்ர டயரியில எழுதினது இப்பவும் இருக்கு: நான் ஆசைப்படுறதுக்கு அவர் சம்மதிச்சா எனக்கு அளவில்லாத சந்தோசமா இருக்கும் எண்டு சொன்னனாம். பாருங்கோ, உலகத்தில பெரிய ராணி, ஆனால் 'என்னை முடியும்' எண்டு சொல்லேல்ல, 'இப்பிடி நடந்தா நல்லா இருக்கும்' எண்டு சுத்தி வளைச்சுத்தான் கேட்டிருக்கிறா. ரியூசனில 'இஃப்' போட்டு 'வுட்' போடுற வசனம் எண்டு மண்டையை உடைச்சுப் படிப்பியளே, அது இதுதான்.

முதல் தரம் சப்ரைட்டில் இல்லாமல் பாருங்கோ, விளங்கினது விளங்கட்டும். அடுத்த தரம் இங்கிலீஷ் சப்ரைட்டிலோட. பிறகு ஒரு வசனம் ஓடவிட்டு நிப்பாட்டி, அவ எந்தச் சொல்லில மூச்செடுக்கிறா எண்டு பாத்து, அதே மாதிரி வாய்விட்டுச் சொல்லுங்கோ. வெக்கமா இருந்தா கதவைச் சாத்திப்போட்டுச் செய்யுங்கோ. ஃபோனில ரெக்கோட் பண்ணிக் கேட்டா இன்னும் நல்லம், முதல் நாள் தன்ர குரலைக் கேக்க எல்லாருக்கும் விசர்தான் வரும். கடைசியா அந்த வசனத்தின்ர சட்டத்தை மட்டும் வைச்சுக்கொண்டு உள்ளுக்குள்ள இருக்கிறதை மாத்துங்கோ: நாளைக்கு நீங்கள் வந்தா எனக்குச் சந்தோசமா இருக்கும், இந்த ஃபோமை ஒருக்காப் பாத்தியள் எண்டால் உதவியா இருக்கும். ஒரு கிழமைக்கு இந்த ஒரு சீன் காணும்.

தமிழ் சப்ரைட்டிலோ இங்கிலீஷோ?

இங்கிலீஷ். தமிழில ஓடினா கண் தமிழை வாசிக்கும், காது நித்திரை கொள்ளும். கதை கொஞ்சமும் பிடிபடேல்ல எண்டால் எபிசோடை முதல்ல தமிழில ஒருக்காப் பாத்துப்போட்டு இங்கிலீஷுக்கு வாங்கோ, அதில பிழை இல்லை. கொம்பியூட்டரில பாக்கிற ஆக்களுக்கு 'லாங்குவேஜ் ரியாக்டர்' எண்டு குரோமில போடுற ஒரு சாமான் இருக்கு, ரெண்டு மொழியையும் ஒண்டா காட்டும், சொல்லைத் தொட்டா அர்த்தம் வரும். நெற்பிளிக்ஸில ஓடுற வேகத்தையும் குறைக்கலாம், ஆனால் பாதியாக் குறைச்சா எல்லாரும் தண்ணி அடிச்ச மாதிரிக் கதைப்பினம், முக்கால்வாசி காணும்.

கொப்பியில சொல் எழுதவேணுமோ?

எழுதுங்கோ, ஆனால் தெரிஞ்செடுத்து. ஒரு பிள்ளை கொண்டுவந்து காட்டின கொப்பியில செங்கோல், முடிசூட்டு விழா, கோர்செற், குதிரைவண்டி வகை மூண்டு, பேராயர் எண்டு வடிவான கையெழுத்தில பக்கம் பக்கமா இருந்தது, சிவப்புப் பேனையால கோடும் அடிச்சிருக்கிறா. ராசாத்தி, நீ எந்த ஊரில செங்கோலைக் கடையில கேட்டு வாங்கப் போறாய்? பெயர்ச்சொல்லை விடுங்கோ. கோவம் வரேக்க என்ன சொன்னவை, மன்னிப்பு எப்பிடிக் கேட்டவை, கதையை எப்பிடி மாத்தினவை, அந்த முழு வசனங்களை எழுதுங்கோ.

எனக்கு நாப்பது தாண்டிட்டுது. இனி இங்கிலீஷ் வருமோ?

நீங்கள் பாக்கிற ராணியளிலயே கனபேர் பிறமொழி படிச்ச ஆக்கள்தான், இதை ஏனோ ஒருத்தரும் கவனிக்கிறேல்லை. ஷார்லட் ஜேர்மனியில இருந்து 1761ல 17 வயசில வந்து இறங்கேக்க இங்கிலீஷ் தெரியாது, லண்டனுக்கு வந்து சேந்த அண்டைக்கே கலியாணம், மாப்பிள்ளையை முதல் முதல் கண்டதும் அண்டைக்குத்தான். ரஷ்யாவின்ர மகா கத்தரினும் ஜேர்மன்காரிதான், சின்ன வயசில மொஸ்கோவுக்கு வந்து இரவிரவா எழும்பி வெறுங்காலோட அறைக்குள்ள நடந்து நடந்து ரஷ்ய மொழி பாடமாக்கி, குளிர் பிடிச்சுச் சாகக் கிடந்ததைத் தன்ர நினைவுக் குறிப்பில எழுதி வைச்சிருக்கிறா.

ஸ்கொற்லாந்து ராணி மேரி அஞ்சு வயசில இருந்து பிரான்சில வளந்தவ. 1568ல இங்கிலாந்துக்குத் தப்பி வந்து, அங்க காவலில இருக்கேக்கதான் இங்கிலீஷ் எழுதப் பழகினா. தன்னைக் காவல் காத்த நோல்ஸ் எண்டவருக்கு எழுதின முதல் இங்கிலீஷ் கடிதத்தில 'முதல் தரம், என்ர கூடாத எழுத்தை மன்னியுங்கோ' எண்டு எழுதியிருக்கிறா, அந்த வசனத்திலயே எழுத்துப் பிழை மலிஞ்சு கிடக்கு. சிறையில இருக்கிற ராணியே பிழையோட எழுதி அனுப்பியிருக்கிறா, நீங்கள் வட்ஸ்அப்பில ஒரு வசனம் அனுப்பப் பத்துத்தரம் அழிக்கிறியள்.

வயசுக் கதைக்கு வருவம். விக்ரோறியா 1887ல அப்துல் கரீம் எண்ட இந்திய உதவியாளரிட்ட ஹிந்துஸ்தானி படிக்கத் தொடங்கேக்க அவவுக்கு 68. உருது எழுத்தில கொப்பி கொப்பியா எழுதினவ. நாப்பது எல்லாம் ஒரு வயசோ?

லண்டனில இருக்கிற மச்சாள் சொல்லுறா, ஆரும் இப்ப ராணி மாதிரிக் கதைக்கிறேல்லை எண்டு. மெய்யோ?

மெய். ரெண்டாம் எலிசபெத் ராணியே பிறகு ராணி மாதிரிக் கதைக்கேல்ல. அவவின்ர நத்தார் உரையளை எடுத்து 1950களில சொன்னதையும் 1980களில சொன்னதையும் ஆராய்ச்சிக்காரர் அளந்து பாத்து 2000ல வெளியிட்டவை, அவவின்ர உச்சரிப்பு மெல்ல மெல்லச் சாதாரண சனத்தின்ர பக்கம் நகந்திட்டுதாம். நீங்களே கேக்கலாம், 1957ல முதல் முதல் ரீவியில வந்த நத்தார் உரையும் 2020 ஏப்ரலில கொரோனா நேரம் சொன்ன உரையும் யூரியூப்பில கிடக்கு, ரெண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கோ. காசில்லை, நிறுத்தி நிதானமான பேச்சு, இதை விடக் காதுக்கு நல்ல பயிற்சி நான் காணேல்ல.

மச்சாள் இருக்கிற தெருவில கேக்கிற இங்கிலீஷ் வேறைதான். அதை அங்க போனாப்பிறகு பஸ்ஸில நிண்டு கேட்டுப் பழகலாம், அத்திவாரம் இருந்தா கெதியாப் பிடிபடும்.

இதில காட்டுறதெல்லாம் உண்மைச் சரித்திரமோ?

இல்லை. விக்ரோறியாவுக்கும் பிரதமர் மெல்பேர்ணுக்கும் காதல் மாதிரிச் சீரியலில இழுக்கினம், அவ 18 வயசில முடி ஏறேக்க அவருக்கு 58, அவ அவரைத் தகப்பன் மாதிரி நம்பினவ எண்டுறதுதான் சரித்திரகாரர் கனபேரின்ர கதை. 'தி கிரவுன்'ல 1952 டிசம்பரில லண்டனைப் புகை மூடின எபிசோட் உண்மை, அந்தப் புகையில ஆயிரக்கணக்கில சனம் செத்தது உண்மை, ஆனால் அதில பஸ் அடிச்சுச் சாகிற சேர்ச்சிலின்ர செக்ரட்டரிப் பிள்ளை கற்பனை. மேரியும் முதலாம் எலிசபெத்தும் கனக்கக் கதையளில நேருக்கு நேர் நிண்டு வாக்குவாதப்படுவினம், நிசத்தில ரெண்டு பேரும் ஒருநாளும் சந்திக்கேல்ல. 'குயின் ஷார்லட்' தொடக்கத்திலயே இது சரித்திர பாடம் இல்லை எண்டு சொல்லிப்போட்டுத்தான் தொடங்குது, நேர்மையான ஆக்கள்.

இங்கிலீஷ் படிக்கிறவைக்கு இது நட்டமில்லை, லாபம். எபிசோட் முடிய எது உண்மை எண்டு தேடி இங்கிலீஷில ஒரு பக்கம் வாசிச்சா வாசிப்பும் சேந்து நடக்கும், கதை தெரிஞ்சதால சொல்லுகளும் விளங்கும்.

ஒரே ஒரு எபிசோட்தான் பாக்க நேரம் எண்டால்?

'தி கிரவுன்' மூண்டாவது சீசன், ஆறாவது எபிசோட். 1969ல சார்ள்ஸை வேல்ஸ் இளவரசரா முடிசூட்ட முந்தி, வேல்ஸ் மொழி படிக்கச் சொல்லி அபரிஸ்ற்வித் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தவணை அனுப்பினவை. படிப்பிச்சவர் எட்வேர்ட் மில்வேர்ட், வேல்ஸ் தேசியவாதி, இந்த முடிசூட்டே வேண்டாம் எண்ட பக்கத்து ஆள். மொழியை அமத்தி வைச்ச அரசாங்கத்தின்ர பிள்ளைக்கு அந்த மொழியைச் சொல்லிக் குடுக்கவேண்டிய வாத்தியாரின்ர நிலமை, அவர் தன்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு குடுக்கிற இடம், உதெல்லாம் எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எழும்பாமல் இருந்து பாத்து முடிச்ச எபிசோட் அது. முடிசூட்டு உரையில சார்ள்ஸ் சொந்தக் கருத்தைச் சொருகின மாதிரிக் காட்டுறது கதைக்காக, ஆனால் யூலை 1ல அவர் வேல்ஸ் மொழியிலயும் பேசினது உண்மை.

படிக்கிறவைக்கு அதில இன்னொரு புதினம்: இளவரசர் பிழை பிழையா உச்சரிச்சு, வாத்தியார் திருத்தத் திருத்த மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறதைப் பாக்கலாம்.

அம்மா அப்பாவோட இருந்து பாக்கலாமோ?

'விக்ரோறியா' தைரியமாப் பாக்கலாம். 'தி கிரவுன்' பெரும்பாலும் பறவாயில்லை, ரிமோட்டைக் கிட்ட வைச்சிருங்கோ. 'குயின் ஷார்லட்'டை ஹோலில போடாதேங்கோ. 'தி ரியூடர்ஸ்', 'தி கிரேற்' ரெண்டையும் பற்றிக் கதைக்கவே வேண்டாம், ஹெட்ஃபோன், தனி அறை, பெரிய ஆக்கள் மட்டும். 'தி கிரேற்' நல்ல பகிடிதான், ஆனால் அதில வாற தூசணத்தைப் படிச்சுப்போட்டு இன்ரவியூவுக்குப் போகாதேங்கோ.

கொரியன் ராணி சீரியல் இங்கிலீஷ் சப்ரைட்டிலோட பாக்கிறன், அது சரிவருமோ?

வாசிக்கிற வேகம் கூடும், காதுக்கு ஒண்டும் இல்லை. 'குயின் சொன்டொக்' மாதிரி 62 எபிசோட் எல்லாம் பாத்து முடிச்ச பிள்ளையள் இருக்கினம், கொரியன் நல்லாக் கதைக்கினம்.

ஐஈஎல்ரிஎஸ்க்கு இது காணுமோ?

காணாது. லிசினிங்கில 40 கேள்வி, ஒருக்காத்தான் ஓடும், திருப்பிப் போடமாட்டினம், அவுஸ்ரேலியா, அமெரிக்கா எண்டு எல்லா உச்சரிப்பும் வரும். பழைய பேப்பரைக் கட்டாயம் செய்யவேணும். ஸ்பீக்கிங்குக்கு மட்டும் இது நல்லா உதவும், ஒரு எபிசோட் பாத்திட்டு அந்தக் கதையை ரெண்டு நிமிசத்தில சொல்லிப் பழகினா அங்க குடுக்கிற ரெண்டு நிமிசப் பேச்சு பயமா இராது.

ஆச்சியும் பக்கத்தில இருந்து பாக்கிறா, 'இப்ப என்னவாம்' எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறா, என்ர படிப்புக் குழம்புது. என்ன செய்ய?

குழம்பேல்ல, நடக்குது. கேட்டதை உடன தமிழில சொல்லவேண்டி வந்தாத்தான் விளங்கினதோ இல்லையோ எண்டு தெரியும், ஆச்சிக்குப் பேய்க்காட்டேலாது. அதோட ஆச்சி உங்களுக்கு முந்தியே இந்த ராணியை அறிஞ்சவ. 1972 மே வரைக்கும் ரெண்டாம் எலிசபெத் இலங்கைக்கும் ராணி, பழைய 2 சதக் குத்தியில அவவின்ர தலை இருந்தது, 1954ல இஞ்ச வந்தும் போனவ. விக்ரோறியாவையும் தேடி லண்டனுக்குப் போகத் தேவையில்லை, சுழிபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவவின்ர பேர், யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம் 1875ல இலங்கைக்கு வந்த அவவின்ர மூத்த மகனின்ர ஞாபகமாக் கட்டினது. சீரியலில பேர்ட்டி எண்டு குழப்படி செய்துகொண்டு திரியிற அந்தப் பெடிதான் மகன். ஆச்சியைக் கேட்டா இன்னும் கன கதை வரும், அதை ரொறொன்ரோவில தமிழ் வடிவா வராத மச்சானுக்கு இங்கிலீஷில வொய்ஸ் போட்டு அனுப்புங்கோ, அவன் பதில் போட்டா அதையும் நிப்பாட்டி நிப்பாட்டிக் கேளுங்கோ.